இரண்டும் வெள்ளை

தாராவியில் அந்தச் சந்துக் கோயில் முத்தாரம்மனிடம் கேட்டுக் கிடைக்காதது எதுவும் இல்லை என்பார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் கிடைத்தவர்கள். பிள்ளை பிறந்தவர்களும் வழக்கு ஜெயித்தவர்களும் கொடைத் திருவிழாவுக்குப் பட்டு எடுத்துக் கொடுத்து, மைக்கில் தங்கள் பெயரைச் சொல்ல வைப்பார்கள். கேட்டும் கிடைக்காதவர்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்கள் பெயரை யார் மைக்கில் சொல்லப் போகிறார்கள்?

சங்கரேஸ்வரி இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவள். அவள் அம்மனைக் கேட்கவே இல்லை. கேட்ட மாதிரி நடித்தாள்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து காசிராஜனுக்கு வாக்கப்பட்டு பம்பாய் வந்தவள். கீழே மளிகைக் கடை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒற்றை அறையில் குடித்தனம். கடையில் காசிராஜன் வாயால் வியாபாரம் செய்வான், இவள் கையால் செய்வாள். பிள்ளை இல்லை. அதற்காக மாமியார் தங்கமயில் அம்மனிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். "இன்னும் நேரம் வரலட்டி" என்பாள். கிடைத்தால் அம்மன் கொடுத்தாள், கிடைக்காவிட்டால் நேரம் வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் அம்மனுக்கு நஷ்டம் இல்லாத வியாபாரம். சங்கரேஸ்வரிக்கு இது அப்போதே உறுத்தியது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

காசிராஜனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏணியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவான். அப்புறம் படுக்கவும் முடியாமல் போய், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்கினான். இதய வால்வு கெட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். செய்வதில் ஆபத்து உண்டு, செய்யாமல் விட்டால் அதைவிட ஆபத்து, ஜல்தி முடிவு சொல்லுங்கள் என்றார்.

"ஆத்தா உத்தரவு இல்லாம எம் பிள்ள நெஞ்சுல கத்தி வைக்க விடமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள் தங்கமயில். காசிராஜன் தாய் பேச்சைத் தட்டாத பிள்ளை. "அம்மை சொல்லுதபடியே செய்வோம்" என்றான், அதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு மூச்சு போதவில்லை.

உத்தரவு என்றால் பூக் கேட்பது. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. தங்கமயிலுக்குக் கைநடுக்கம். பொட்டலம் மடிக்கும் வேலை மருமகளுக்கு வந்தது. கடுகும் சீரகமும் மடித்துப் பழகிய கை.

கடையில் உட்கார்ந்து சங்கரேஸ்வரி சிவப்புப் பூவைக் காகிதத்தில் வைத்துவிட்டாள். மேலே அவன் இருமுவது கேட்டது. இந்தச் சனியன் வந்து தொலைத்தால் அவனை இப்படியே உட்கார வைத்துச் சாகக் கொடுக்க வேண்டியதுதானா என்று நெஞ்சு பதறியது. பூவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பூசைக்கு வாங்கியிருந்த பூக்களிலிருந்து இன்னொரு வெள்ளையை எடுத்து, இரண்டிலும் வெள்ளையாகவே வைத்து மடித்தாள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை மானசா எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. தங்கமயில் குலவை போட்டாள்.

ஆபரேஷன் நடந்தது. காசிராஜன் கண் விழிக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று தங்கமயில் வீட்டிலிருந்த அம்மன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். விளக்கேற்றும் நேரமானால் அதன் முன்னால் நின்று ஏசுவாள். "உத்தரவு குடுத்தியே, பாவி. வேண்டாம்னு ஒரு செவப்பப் போட்டிருந்தா என் பிள்ளைய மடியிலயே வச்சிருப்பேனே." கீழே பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும் சங்கரேஸ்வரிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். தனக்கு வர வேண்டிய ஏச்சு படத்துக்குப் போகிறதே என்று குமைவாள். புருஷனை நினைத்து வாய்விட்டு அழக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மாமியார் ஒரே நேரத்தில் பிள்ளையையும் தெய்வத்தையும் பறிகொடுத்து நிற்கிறாள், இரண்டாவதை எடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கொடை வந்தது. மேளத்தோடு சாமி கடை முன்னால் வந்து நின்றபோது, தங்கமயில் ஏணியில் நின்றபடி எல்லார் காதிலும் விழ ஏசினாள். மேளம் நின்றுவிட்டது. "பெத்த வயிறு, பேசட்டும்" என்று யாரோ சொல்ல, சாமியை நகர்த்திக்கொண்டு போனார்கள். சங்கரேஸ்வரி ஷட்டரை இறக்கிவிட்டு மேலே போனாள்.

"அத்த, ஆத்தாவ ஏசாதிய."

"ஏன் ஏசப்பிடாது? ஒனக்கு என்னட்டி தெரியும்?" தங்கமயில் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு மத்த பொட்டலத்தையும் நான் பிரிச்சுப் பாத்தேன். அதுவும் வெள்ள. செவப்ப வெள்ளையா மாத்திக் காட்டிருக்கா. இப்படி யாருக்குக் காட்டுவா? அத நம்பித்தான் நானே அவன் கையப் புடிச்சு ஆட்டோவுல ஏத்துனேன்."

சங்கரேஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவள் பயத்தில் செய்த திருட்டு வேலை, அந்தப் பொம்பிளைக்கு அற்புதமாகப் போயிருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் தப்பிவிடலாம், கேட்க ஆள் இல்லை.

"அவ மாத்தல அத்த" என்றாள். "நாந்தான் ரெண்டுலயும் வெள்ளைய வச்சேன். செவப்பு வந்துட்டா அவிய செத்துப்போவாவளேன்னு பயந்துட்டேன்."

தங்கமயில் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "நெசமாக் கேட்டிருந்தா என்ன வந்திருக்கும்?"

"தெரியல அத்த."

"செவப்பு வந்து வீட்லயே இருந்திருந்தா பொழச்சிருப்பானா?"

"அதுவும் தெரியல."

அடி விழும் என்று சங்கரேஸ்வரி தலையைக் குனிந்தபடி காத்திருந்தாள். விழுந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தங்கமயில் எழுந்து படத்தை நேராகத் திருப்பினாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். விளக்கேற்றவில்லை. வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவகிட்ட நாம கேக்கவே இல்ல. அவள ஏச முடியாது. நீ அவன் பொழைக்கணும்னு செஞ்ச, ஒன்னைய ஏசவும் வாய் வரல." படத்தையே பார்த்தாள். "ஏசிக்கிட்டுக் கெடந்தேன், பொழுது போச்சு. இனி நான் யாரட்டி ஏசுவேன்?"