மாசம் நூறா, சொந்தமா?

ஹாலில் இருந்தவர்கள் இவர்கள். இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் பாரூக் பாய், கையில் அட்டைப் பெட்டியுடன். என் மனைவி இந்திராணி, அடுப்படி வாசலில். அவளுடைய அண்ணன் சோமு, மின்விசிறிக்கு நேர் கீழே. என் மகள், சுவரில் சாய்ந்து, மடியில் லேப்டாப்புடன். அப்புறம் நான்.

போன வாரம் வியாழக்கிழமை காலை. பேச்சு ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு வைஃபை மோடத்தை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா?

இதற்கு ஐந்து பேரா? ஆமாம். எங்கள் ஊர் கறம்பக்குடியில் ஒரு ஆட்டை விலை பேசவே நாலு பேர் வேண்டும்.

மகளுக்குத் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. ஏதோ ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களுக்கு டைப் செய்து பதில் அனுப்ப வேண்டும். செல்போன் நெட்டில் செய்யக் கூடாதாம். ஒயர் இழுத்து மோடம் மாட்டி, அதைப் போட்டோ எடுத்து சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

அவள் திருப்பூரிலிருந்து வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு பைகளுடன் வந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இதை எழுத உட்காரும்போது, எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். "எழுதுங்கப்பா, எம் பேரைப் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

பாரூக் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"வாடகைன்னா மாசம் நூறுண்ணே. கெட்டா நான் வேற மாத்தித் தருவேன். சொந்தமா எடுத்தா ரெண்டாயிரத்து நானூறு. ஒரு வருசம் கேரண்டி. அதுக்கப்புறம் ஓடுனாலும் ஒங்களுது, எரிஞ்சாலும் ஒங்களுது."

"வாடகைக்கே எடுங்க மாப்ள" என்றார் சோமு. "போன ஐப்பசியில ஒரு இடிக்கு எங்க டிவி பொசுங்கிருச்சு. சொந்தம்னு மடியில வச்சுக் கொஞ்சவா முடிஞ்சுச்சு?"

"இடி மேல பழி போடாதண்ணே. அது அதுக்கு முன்னாடியே செத்துத்தான் கெடந்துச்சு" என்றாள் இந்திராணி.

எனக்கு இதில் கணக்கு சுலபம். இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் வாடகை. மேலே என்றால் சொந்தம். இருபது வருடமாக வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். ஒரே அண்டாவை முப்பது தடவை எடுத்துப் போனவர்கள் உண்டு. அந்தக் காசுக்கு அண்டாவையே வாங்கியிருக்கலாம். நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கடை நடக்குமா?

கடைக்கு யார் வந்தாலும் என் வாயில் முதலில் வருவது ஒரே கேள்வி. வீட்டிலும் அதுவே வந்துவிட்டது. மகளைப் பார்த்துக் கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு வேணும்?"

 

மகள் லேப்டாப்பை மூடினாள். "மூணு மாசம்னு எழுதிக்கங்க பாய். வாடகைக்கே போடுங்க." என்னைப் பார்க்கவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

பாரூக் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. "அங்கிட்டு ஒரு லைன் அறுந்து கெடக்குண்ணே. பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். விவரமான ஆள்.

"அண்டாவுக்குக் கேக்குற மாதிரி பெத்த புள்ளையக் கேக்குறீங்க" என்றாள் இந்திராணி. அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கடைக்குப் போனேன். உட்கார முடியவில்லை. கரண்டிகளை எண்ணினேன். பாதியில் விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி விட்டுப்போனது. வீட்டுக்கு வந்தேன். மாடிப்படி வரை போனேன். ஏறவில்லை. திரும்பக் கடைக்கே வந்தேன். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் இட்லிக் கொப்பரை கேட்டு நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்காமல் கொப்பரையை எடுத்து வைத்தேன். அவரே "ரெண்டு நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டார்.

வாடகை என்றால் என்ன? போகப் போகிறது என்பதை முதல் நாளே பேசிவைத்துக்கொள்வது. அண்டாவுக்கு அது சரி. பெண்ணுக்கு? கட்டிக்கொடுக்கும்போது போன இடத்திலேயே நன்றாக இரு என்றுதான் எல்லோரும் வாழ்த்தி அனுப்புகிறோம். அது பலிக்காமல் வந்து நின்றால் என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

மோடத்துக்காகத்தான் கேட்டேன் — சத்தியமாக. ஆனால் நாற்பது நாளாக அந்தக் கேள்வி எனக்குள் இல்லையா? …இருந்தது.

மத்தியானம் பாரூக்கின் கடைக்குப் போனேன்.

"சொந்தமாவே போட்டுருங்க பாய்."

"பாப்பா மூணு மாசம்னுச்சேண்ணே? முந்நூறோட முடியிற சோலி. நட்டம்ணே."

நட்டம் என்று எச்சரித்து விற்கிற ஒரு வியாபாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"பில்லு யார் பேருக்குண்ணே?"

"மக பேருக்கு. விலாசம் நம்ம வீடு."

வீட்டுக்கு வந்து பில்லை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"எதுக்குப்பா? நான் போயிட்டா வீணாத்தானே கெடக்கும்?"

"போனா கையோட தூக்கிட்டுப் போ ஆத்தா. இருந்தா இங்கிட்டே இருக்கட்டும். ஒன்னோடது."

அவ்வளவுதான் சொல்ல வந்தது. அவள் பில்லை மடித்து லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாரூக் டிரில்லிங் மெஷினுடன் வந்தார். "எங்கிட்டு மாட்டட்டும்?"

"ஹால்லயே போதும் பாய்" என்றாள் மகள்.

நாற்பது நாளாக அவள் படுப்பதும் ஹாலில்தான். உள்ளே அவளுடைய ரூம் இருக்கிறது. அவள் கல்யாணம் முடிந்த வாரமே கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து அதில் அடுக்கினேன். நாலு வருடமாக அங்கேயே இருக்கின்றன. அவள் வந்த பிறகும் எடுக்கத் தோன்றவில்லை.

"உள் ரூம்ல மாட்டுங்க" என்றேன்.

பாரூக் கதவைத் தள்ளினார். பாதிதான் திறந்தது. "ஆள் நிக்கவே எடமில்லையேண்ணே!"

"இப்ப வந்துரும்."

சோமு எட்டிப் பார்த்தார். "ஆத்தாடி… ஒரு மண்டபத்தையே உள்ள வச்சுப் பூட்டிருக்காரு ஒங்கப்பாரு!"

மகள் சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை. இந்திராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்து பேரும் வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி மாடிக்கு ஏற்றினோம். தார்ப்பாய் போட்டு மூடினோம். எண்ணியது மகள். நூற்று எண்பத்தாறு.

பொழுது சாய்வதற்குள் சுவரில் மோடம் ஏறிவிட்டது. போட்டோவும் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை மாடிக்குப் போய் ஒரு நாற்காலியை அவளே இறக்கி எடுத்து வந்தாள். துடைத்தாள். ரூமில் போட்டு உட்கார்ந்தாள். வேலை ஆரம்பம்.

மாடியில் மீதி நூற்று எண்பத்தைந்து.