பன்னிரண்டாம் நம்பர், மாடி உட்பட

ஆஃபியா அக்கா தன் குடத்தை வரிசையில் ஒட்டி வைக்கமாட்டார். முன்னால் இருக்கும் குடத்துக்கும் அவருடைய ஆரஞ்சு நிறக் குடத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு செங்கல் அளவு இடம் விட்டிருப்பார். முதல் ஆளாக வந்த நாட்களிலும் வரிசையின் தொடக்கத்தில் வைக்கமாட்டார். சுவரோரமாகக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாலைந்து பேர் வந்து வைத்த பிறகு, அவர்களுக்குப் பின்னால், அந்த இடைவெளியோடு வைப்பார். யாராவது நடுவில் தங்கள் குடத்தைச் செருகினால், தன்னுடையதை இன்னும் ஒரு செங்கல் பின்னால் நகர்த்துவார். ஏழு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எங்கள் தெரு எர்ணாவூரில் இருக்கிறது. அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. திங்கள், புதன், வெள்ளி காலையில் மெட்ரோ வாட்டர் லாரி வந்து தெருமுனைக் கறுப்பு டேங்கை நிரப்பிவிட்டுப் போகும். அதன் குழாயில்தான் முப்பத்தொரு வீடும் பிடிக்க வேண்டும்.

அக்காவின் கணவர் ரோஷன் மணலி போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வெல்டர். அடிபட்டு நசுங்கி வரும் கன்டெய்னர்களைத் தட்டி நிமிர்த்திப் பற்றவைக்கும் வேலை. இரண்டு வருடம் எட்டு ஆண்களோடு ஒரே தகரக் கொட்டகையில் இருந்துவிட்டு, 2018இல் பீகாரின் கிஷன்கஞ்சிலிருந்து மனைவியையும் இரண்டு வயது மகளையும் அழைத்து வந்தார். பன்னிரண்டாம் நம்பர் வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. வீட்டுக்காரர் தண்டபாணி மாமா, ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் தெரு நலச் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

அக்கா குடத்தோடு இறங்கி வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழாய்க்கு அடியில் கையை வைத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். தண்டபாணி மாமாவின் மனைவி பச்சையம்மா அத்தை கத்தினார்.

"ஏய், கைய வுடாத! கலீஜ் பண்ணிகினு! காலைலயே ஒரே பேஜாரா கீது இதுங்களோட."

அக்கா கையை எடுத்துக்கொண்டு சிரித்தார். பாவம், திட்டுவது புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பல மாதம் கழித்து அவரே சொன்னார். "எல்லாம் புரிஞ்சிச்சி ஜூடி. கலீஜ் எங்க வார்த்தை. பேஜார் எங்க வார்த்தை. ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தேன், என்னைத் திட்ட எங்க ஊர் வார்த்தையே இங்க ரெடியா கீது."

அவர் தமிழ் கற்றுக்கொண்டது தண்ணீர் வரிசையில்தான். அதனால் அதில் மரியாதை குறைவு, வேகம் அதிகம். மகளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியையிடம், "இன்னா டீச்சர், ஜல்தி சொல்லு, இடம் கீதா இல்லியா?" என்று கேட்டுவிட்டார். கூடப் போயிருந்த எனக்கு உயிரே போய்விட்டது. அந்த டீச்சர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இடம் கொடுத்தார்.

மற்றதெல்லாம் அப்படி எளிதாக நடக்கவில்லை. கடுகெண்ணெய்க்குத் தண்டையார்பேட்டை வரை பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. ஆற்று மீன் தின்று வளர்ந்தவருக்குக் கடல் மீன் வாடை ஒரு வருடம் குமட்டியது. பிறகு கடுகு அரைத்து மத்தி மீன் குழம்பு வைக்கப் பழகிக்கொண்டார். என் அம்மா ஃப்ளோரன்ஸ் இறால் கம்பெனியில் உரிக்கும் வேலை முடிந்து வந்து, அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது, ஆனா மண்டைக்கு ஏறுது" என்பார்.

பட்டியல் விவகாரம் 2019 கோடையில் வந்தது. ஊரே தண்ணீருக்குத் தவித்த வருடம். லாரி வருவதே நிச்சயமில்லை. குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, வீட்டுக்கு ஆறு குடம் என்று சங்கம் முடிவு செய்தது. அந்தப் பட்டியலை யார் எழுதுவது? நான் பிளஸ் டூ முடித்து பி.காம். சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள்.

"படிச்ச புள்ள நீ கீறப்போ வேற யாரு எழுதுறது? குந்து, எழுது" என்றார் பச்சையம்மா அத்தை.

கதவு எண் வரிசைப்படி எழுதினேன். பதினொன்று, வில்சன். பன்னிரண்டு, தண்டபாணி. அங்கே பேனா ஒரு நிமிடம் நின்றது. பன்னிரண்டில் இரண்டு அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவில் ஒரு எண்தான் இருந்தது. அடைப்புக்குறி போட்டு 'மாடி உட்பட' என்று எழுதினேன். அது சரியான, சுத்தமான தீர்வு என்று அன்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த இரண்டு சொல்லால் ஆறு குடம் பன்னிரண்டாம் நம்பருக்குப் போனது. பச்சையம்மா அத்தை நான்கு எடுத்துக்கொண்டு, மாடிக்கு இரண்டு கொடுத்தார். உறவினர் வந்தால் ஒன்று. கோபம் வந்தால் ஒன்றுமில்லை. மழை பெய்து பஞ்சம் தீர்ந்தது. பட்டியல் மட்டும் போகவில்லை. தண்டபாணி மாமா வீட்டு கேட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டே இருந்தது.

"என் பேர் தனியா எழுது ஜூடி" என்று அக்கா கேட்க ஆரம்பித்தார். "ஆறு வேணாம். மூணு போதும். ஆனா தனியா எழுது."

மாமாவிடம் கேட்டேன். "அட்ரஸ் ப்ரூஃப் கொண்டாரச் சொல்லு, எழுதிடலாம்" என்றார். ரோஷன் அண்ணனின் ஆதாரில் கிஷன்கஞ்ச் முகவரி. மாற்ற வேண்டுமென்றால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் போட்டுத் தர வேண்டியது வீட்டுக்காரர். வீட்டுக்காரர் தண்டபாணி மாமா.

"அக்ரிமென்டா? இன்னிக்கு அக்ரிமென்ட் போட்டா நாளைக்கு வூடே அவங்க கைக்குப் பூடும்" என்றார்.

கேட்பவரும் அவர்தான், தரமாட்டேன் என்பவரும் அவர்தான். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பி.காம். முடித்துவிட்டு, அனுபவம் இல்லை என்று ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் திரும்பி வந்துகொண்டிருந்த எனக்கே அந்தச் சுற்று நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? படிப்பு எனக்குப் பட்டியல் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தது. எழுதியதைத் திருத்தும் துணிச்சல் எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பட்டியல் போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஞாபகத்திலேயே முறை ஓடியது. இந்தக் கோடையில் மறுபடி சண்டை வர, புதிதாக எழுதச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். பன்னிரண்டு, தண்டபாணி. அதற்குக் கீழே, யாரையும் கேட்காமல், பன்னிரண்டு அ, ஆஃபியா.

அன்று மாலையே மாடிக்குப் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமையிலிருந்து உங்கள் பெயரில் ஆறு குடம் என்று. அக்கா மாவுக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தார். மகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் துள்ளிக் குதித்தாள்.

புதன்கிழமை மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. இரண்டு குடமும் காலையிலேயே தீர்ந்துவிட்டது. அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். ஏழு வருடத்தில் அவர் யாரிடமும் தண்ணீர் கடன் கேட்டதில்லை. எங்கள் தெருவில் கடன் வாங்கிய குடத்தை அடுத்த லாரியில் திருப்பியாக வேண்டும். கையில் நிச்சயம் இல்லாமல் யாரும் கேட்கமாட்டார்கள்.

"ஆன்ட்டி, ரெண்டு குடம் குடு. வெள்ளிக்கிழமை என் பேர்லயே வருது. அப்போ குடுக்குறேன்" என்றார்.

அந்த 'என் பேர்லயே'வை அவர் சொன்ன விதத்தைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டார். "அடேங்கப்பா, வூட்டுக்காரி ஆயிட்டியா? எடுத்துகினு போ."

வியாழன் மாலை பட்டியலில் கையெழுத்து வாங்கப் போனேன். தண்டபாணி மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் நின்றது.

"இன்னாம்மா இது, பன்னண்டு 'அ'?"

"மாடி, மாமா. தனிக் குடித்தனம்தானே அது."

"குடித்தனம்னு யார் சொன்னது? தங்கிகினு கீறாங்க. நாளைக்கு இத்த எடுத்துகினு போய், இதான் ப்ரூஃப்னு ஆபீஸ்ல காட்டுனா?"

"தண்ணி லிஸ்ட்ட போய் யாரு மாமா ப்ரூஃப்னு ஒத்துக்குவாங்க?"

உள்ளேயிருந்து பச்சையம்மா அத்தையின் குரல் வந்தது. "நான் இன்னா அவளுக்குத் தண்ணி குடுக்காமயா கீறேன்? ரெண்டு கொடம் குடுத்துகினுதான் கீறேன். பேரு இன்னாத்துக்கு?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தணித்துக்கொண்டார். "உன் விஷயமா என் மச்சான்கிட்ட பேசிட்டேன். ஷிப்பிங் ஆபீஸ்ல ஒரு இடம் காலியாம். திங்கக்கிழமை பயோடேட்டா எடுத்துகினு போ. நான் சொன்னேன்னு சொல்லு." பட்டியலை என்னிடம் நீட்டினார். "இந்த ஒரு லைன எடுத்துட்டு, நீட்டா வேற பேப்பர்ல எழுதிக் கொண்டாம்மா. அடிச்சி கிடிச்சி வெச்சா அசிங்கமா இருக்கும்."

வீட்டுக்கு வந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, புதிய தாளில் முப்பத்தொரு வரியும் எழுதினேன். பன்னிரண்டில், பழைய அடைப்புக்குறி. என் கையெழுத்து எப்போதும் போல அழகாகவே இருந்தது.

அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மாடிப்படி எங்கள் வாசலிலிருந்து இருபது அடி. போகவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் மூன்று குடங்களோடு வந்தார். ஆரஞ்சுக் குடத்தோடு இரண்டு புதுப் பச்சைக் குடங்கள். அன்று மட்டும், முன்னால் இருந்த குடத்தோடு ஒட்டி வைத்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. காய்ச்சல் விட்டு எழுந்திருந்த மகள் மாமா வீட்டு கேட்டில் தொங்கிய புதுப் பட்டியலை விரல் வைத்துப் படித்தாள்.

"பதினொண்ணு வில்சன். பன்னண்டு தண்டபாணி, மாடி உட்பட. பதிமூணாம் நம்பர், மணி."

"நடுவுல?" என்றார் அக்கா.

"நடுவுல இல்லம்மா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ ஓர் அலுவலக ஜன்னலைப் பார்ப்பதுபோல், பழகிப்போன பார்வையாக இருந்தது. பச்சைக் குடங்களை எடுத்து மகளிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பினார். ஆரஞ்சுக் குடத்தை ஒரு செங்கல் பின்னால் நகர்த்தினார்.

திங்கட்கிழமை மச்சானின் ஷிப்பிங் அலுவலகத்தில் என் பயோடேட்டாவை வாங்கி, ஒரு பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார்கள். அது இன்னும் அங்கேயே இருக்கலாம். வீடு திரும்பியபோது அக்கா எங்கள் வாசலில் ஒரு குடம் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். அன்று அவருக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று.

"ஒண்ணு எடுத்துக்கோ. இன்னொண்ணு புதன்கிழமை."

"வேணாம்க்கா. எங்க வீட்ல நிறைய கீது" என்றேன். எங்கள் அண்டாவில் அடித்தண்ணீர்தான் இருந்தது. அந்தக் குடத்தை வாங்கும் தைரியம் எனக்கில்லை.

"இல்ல, கடன் கடன்தான்."

"அப்புறம் குடுங்கக்கா."

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனேன்.

பத்து நாளில் ரோஷன் அண்ணனின் ஒப்பந்தக்காரருக்கு யார்டு வேலை கைவிட்டுப் போனது. ஆட்களைக் குஜராத்தில் ஒரு துறைமுகத்துக்கு மாற்றினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றினார்கள். அம்மா கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். அக்கா என்னிடம் வந்தார். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அங்க மறுபடி மொதல்லருந்து" என்றார். பிறகு, "ஆன்ட்டிகிட்ட சொல்லு. ரெண்டு குடம் பாக்கி. நான் மறக்கல."

மகள் ஆட்டோவிலிருந்து கையசைத்தாள். ஆரஞ்சுக் குடம் அவள் மடியில் இருந்தது.

நான் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. லாரி பாதி நிரப்பிவிட்டுப் போகும் நாட்களில் அம்மா தானாகவே நினைத்துக்கொள்கிறார். போன வாரமும், காலி அண்டாவுக்குள் செம்பை விட்டுத் துழாவிக்கொண்டே கேட்டார்.

"மாடிக்காரி ரெண்டு கொடம் குடுக்காமயே பூட்டா பாரேன். நாணயமான பொம்பளயாச்சே. ஏன்டி குடுக்கல?"

"லாரி சரியா வரலம்மா" என்றேன்.