எல்லப்பனைப் பிடித்துக்கொண்ட நாள்

இந்த வருஷமும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. ஏரி உள்வாங்கி, சேறு வெயிலில் பாளம் பாளமாகக் கிடக்கிறது. மத்தியானம் காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம் வாசல்வரை வருகிறது. மனைவி ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். சின்ன வயசில் எங்கள் குப்பத்தில் அந்த வாடைக்கு யாரும் மூக்கைப் பொத்தியதில்லை. சேறு நாறினால் நண்டு கிடைக்கும் என்று கூடையைத் தேடுவோம். அதே வாடைக்குப் பயப்படுவதற்காகவே பிற்காலத்தில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது.

கடலோரத்தில் பெரிய கம்பெனி. அதில் நான் சேஃப்டி ஆபீசர். பேர்தான் பெரிசு, நாள் முழுக்க வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதுதான் வேலை. ஏறாதே, இறங்காதே, பெல்ட் போடு. தூரத்தில் என் தலை தெரிந்தால் எல்லார் தலையிலும் ஹெல்மெட் ஏறும். நான் முதுகைத் திருப்பினால் இறங்கிவிடும். மணலில் வெறுங்காலோடு நடந்து விரல்கள் விரிந்துபோன எங்கள் ஊர்க்காரர்களை இரும்பு மூக்கு வைத்த ஷூவுக்குள் திணிக்க நான் பட்ட பாடு தனிக்கதை. அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, கடைசிவரை என் உத்தியோகம் பிடிபடவில்லை. "மெஷினும் ஓட்றதில்ல, மூட்டையும் தூக்கறதில்ல, அப்புறம் இன்னாதான்டா பண்ற?" என்பார்.

நைனாவைச் சொன்னால் எல்லப்பனின் அப்பாவைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, கால் வலையில் சிக்கி, நைனா அடியில் போய்விட்டார். எல்லப்பனின் அப்பா யோசிக்கவில்லை, குதித்து அவரை மேலே கொண்டுவந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அது பெரிய காரியமும் இல்லை. ஒருத்தன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் குதிப்பான், அவ்வளவுதான்.

எல்லப்பன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஏரியில் மீன் குறைந்த வருஷங்களில் அவனும் அவன் தம்பி சேகரும் எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார்கள். பராமரிப்புக்காகக் கம்பெனியை நிறுத்திவைத்திருந்த ஒரு நாள். கழிவுநீர்த் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது. உள்ளே காற்றைச் சோதிக்காமல் யாரும் இறங்கக்கூடாது என்பது விதி. சோதிக்கிற ஆள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்ல, சேகர் ஏணியில் இறங்கிவிட்டான். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு பொல்லாதது. கொஞ்சமாக இருந்தால் நாறும். கூடிப்போனால் மூக்கே மரத்துவிடும். வாடை போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக இறங்குவான்.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது சேகர் அடியில் சுருண்டு கிடந்தான். எல்லப்பனின் ஒரு கால் ஏணியில். நான் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, அவன்மேலேயே விழுந்தேன். வாட்ச்மேன் ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டார். எல்லப்பன் கடலில் துடுப்புப் போட்ட ஆள். திமிறினான், என் மணிக்கட்டைக் கடித்தான்.

"உடுடா. என் தம்பிடா அவன்."

நீ இறங்கினால் நீயும் கிடப்பாய் என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் சேகரின் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ காற்றடிக்கும் மெஷினை இழுத்து வந்து குழாயை உள்ளே விட்டார்கள். மூச்சுக்கருவி மாட்டிய மீட்பு ஆட்கள் வந்து இறங்கும்வரை நான் எல்லப்பனை விடவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சேகர் பிழைத்தான். பிழைப்பானா என்று தெரியாத அந்த முதல் நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்கள் அம்மா என்னைப் பார்த்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"உங்க நைனா தண்ணில போனப்ப, எங்க வூட்டுக்காரரு இப்டித்தான் பார்த்துனு நின்னாரா?"

பதில் இருந்தது. பயிற்சி வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன பதில். அத்தைக்கு அது பதில் ஆகாது.

எல்லப்பன் வேலையை விட்டுக் கடலுக்கே போய்விட்டான். கம்பெனியோ பாதுகாப்பு வார விழாவில் எனக்குக் கேடயம் கொடுத்தது. பீரோ மேல் குப்புறப் போட்டு வைத்தேன். அதைவிடக் கொடுமை, புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அந்தச் சம்பவத்தை நான் பாடமாக நடத்த வேண்டியிருந்தது. 'ஒரு தொழிலாளி, அவருடைய சகோதரர்' என்று பேர் இல்லாமல் வருஷக்கணக்காகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு யாருக்கோ நடந்தது போல ஆனது. பின்பெஞ்சில் யாராவது கொட்டாவி விடுவார்கள். எனக்கும் வரும்.

ரொம்ப நாள் கழித்து லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் எல்லப்பன் தானாக என் பக்கத்தில் வந்து நின்றான். ஃபைபர் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன.

"நீ புடிக்கலனா நானும் போயிருப்பேன். தெரியும்," என்றான். "ஆனா எறங்கியிருக்கணும்னுதான் இன்னும் தோணுது."

எனக்குக் கோபம் வரவில்லை. அப்படித் தோன்றாதவனாக இருந்தால் அவனை நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பார்க்கிற இடத்தில் பேசிக்கொண்டோம். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

போன மழைக்காலத்தில் எல்லப்பன் மாரடைப்பில் போய்விட்டான். அத்தை அதற்கு முன்னாலேயே போய்விட்டார். சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். முந்தாநாள் திருப்பாலைவனத்திலிருந்து அவன் வண்டியில்தான் வந்தேன். மற்றவர்கள் இறங்கியதும் கேட்டான், "அன்னிக்கு எங்கண்ணன் இன்னா பண்ணிச்சு? எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. அதுவும் சொல்லவே இல்ல."

உன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தான் என்றேன். சேகர் தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

அந்தத் தொட்டியை மூடி மேலே சிமென்ட் போட்டுவிட்டார்கள். இப்போது கழிவை மெஷினே உறிஞ்சுகிறது. யாரும் இறங்க வேண்டியதில்லை. நல்லதுதான், நாங்கள் கேட்டதும் அதைத்தான். எங்கள் குப்பத்து ஆட்களையும் இப்போது வேலைக்கு எடுப்பதில்லை. நான் எல்லப்பனைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தை முழுசாகத் தெரிந்தவர்கள் ரெண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் ஒருத்தன்.