பையை யாரு பாக்கது?

குற்றாலத்தில் பிறந்து, குற்றாலத்திலேயே பிழைத்து, முப்பத்தாறு வருடமாக அருவியில் தலை நனைக்காத ஒரு மனிதர் இருந்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். அவருக்குக் கழுத்தை நீட்டியிருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர்தான். பெயர் கைலாசம். என் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். வாயும் பெயருக்கேற்றபடிதான் என்று அவர் சொல்வார்.

பேரருவிக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு துண்டுக்கடை. துண்டு, ஜட்டி, அரைக்கால் டவுசர், அவ்வளவுதான் சரக்கு. ஆனால் கடைக்குக் கூட்டம் வருவது துண்டுக்காக இல்லை. குளிக்கப் போகிறவர்கள் பையையும் போனையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். துண்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்துக்கொள்வார். மூக்குக்கண்ணாடி, மோதிரம், தாலிச்சங்கிலி எல்லாம் அவர் மடியில் இருக்கும். கேரளத்துக்காரர் ஒருவர் தன் பல்செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் ஒரு புதுத் துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஒரு குண்டூசி தொலைந்ததில்லை.

நீங்கள் ஏன் குளிக்கவில்லை என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"நான் போனா பையை யாரு பாக்கது?"

கல்யாணமான மூன்றாம் நாள் என்னையும் இப்படித்தான் ஏமாற்றினார். புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து அருவியில் குளித்துவிட்டுக் குற்றாலநாதரைக் கும்பிட வேண்டும் என்று வீட்டில் அனுப்பிவைத்தார்கள். நான் பெண்கள் பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்தால், மாப்பிள்ளை காய்ந்த தலையோடு என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் அவருக்குத் தினமும் வெந்நீர்தான். சித்திரை வெயிலிலும் வெந்நீர்தான். "ஊருக்கெல்லாம் அருவி, உங்களுக்கு மட்டும் அண்டாவா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. சிரித்துக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பையை வாங்கிக்கொள்ளும்போது ஒவ்வொருவரிடமும் சொல்வார். "தண்ணி கலங்குனா நிக்காதீங்க. பக்கத்துல நிக்கவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துருங்க." நாளுக்கு நூறு தடவை சொல்வார். வியாபாரப் பேச்சு என்றுதான் இருபத்தெட்டு வருடமும் நினைத்திருந்தேன்.

போன தை மாதம், ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வடிந்த பிறகு, சென்னையிலிருந்து ஒரு வெப் சீரிஸ் எடுக்க வந்தார்கள். ஸ்மிருதி என்று ஒரு பெண்தான் டைரக்டர். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பெண். ஹீரோ போலீஸ் அதிகாரி. தனி ஆளாகப் பத்துப் பேரை அடிப்பார். அவர் அருவிக்குள் குதிக்கும் முன்னால் பையைக் கொடுத்துவிட்டுப் போக ஒரு ஆள் வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வசனம்: "பத்திரமா பாத்துக்கிடுதேன் சார்." எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மளைப் பார்க்கவா ஜனங்கள் டிவி வாங்கி வைத்திருக்கிறார்கள்? அதற்குத்தான் வீட்டில் கண்ணாடி இருக்கிறதே என்றேன்.

வசனத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை கிடையாது. ஸ்மிருதிக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது.

"அங்கிள், ஹீரோ உங்க கையைப் பிடிச்சு அருவிக்குள்ள இழுத்துட்டுப் போவார். நீங்க சிரிச்சுக்கிட்டே நனையணும். அவ்வளவுதான்."

"நான் போனா பையை யாரு பாக்கதும்மா?"

"அங்கிள், அது நாங்க கொண்டுவந்த பை. உள்ள வெறும் பேப்பர்தான் இருக்கு."

ஹீரோ விளையாட்டாகக் கையைப் பிடித்து இழுத்தார். முதல் சாரல் முதுகில் பட்டதுமே என் வீட்டுக்காரர் "விடுலே!" என்று அலறிக் கையை உதறிக்கொண்டு, படிக்கட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்துச் சிப்ஸ் கடை பெஞ்சமின் அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஸ்மிருதி அந்த ஈரத்தரையிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன ஆச்சு அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் அருவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் ஓடுனவன்மா. எனக்குப் பத்தொம்பது வயசு, எந்தம்பிக்குப் பன்னெண்டு. இங்கனதான் குளிச்சுக்கிட்டு நின்னோம். ஐப்பசி மாசம். தண்ணி செவப்பா கலங்கிச்சு, வெள்ளம் வருதுன்னு எவனோ விசில் அடிச்சான். நான் ஓடிட்டேன். தம்பி பக்கத்துல நிக்கான்னு தெரியும். தெரிஞ்சுதான் ஓடுனேன். படிக்கட்டுல ஏறி நின்னு திரும்பிப் பாத்தா, கம்பியப் பிடிச்சுத் தொங்குதான். அப்பவும் நான் எறங்கல. கொல்லத்துக்காரர் ஒருத்தர்தான் எறங்கித் தூக்குனாரு. கை முறிஞ்சு போச்சு அவனுக்கு. வீட்டுல வந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுதான் ஓடுனேன், நழுவிருச்சுன்னு சொன்னேன். நான் கையைப் பிடிக்கவே இல்லம்மா."

கையில் இருந்த தூக்கு எனக்குக் கனத்தது. என் கொழுந்தன் விஜயசங்கருக்கு இடது கை முழுசாக நீளாது. சின்ன வயதில் அருவியில் விழுந்தது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் ஒரே பாயில் படுத்தவளுக்குச் சொல்லாததை, முந்தாநாள் வந்த பெண்ணிடம் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது.

கேமராவை யாரும் நிறுத்தவில்லை. அதைப் பிறகுதான் கவனித்தார்கள். ஸ்மிருதி அதை மறைக்கவில்லை.

"அங்கிள், இது பதிவாயிடுச்சு. நான் வச்சுக்கலாமா? வேண்டாம்னா உங்க கண் முன்னாடியே அழிச்சிடறேன்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்.

சங்கர் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். உடன்பிறந்தவன் என்று இவருக்கு இருப்பது அவன் ஒருவன்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பேசிக்கொள்வார்கள், சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்கிற அளவில். அந்த உறவும் போய்விடுமோ என்று இவருக்கு நடுக்கம். மூன்று நாள் போனைக் கையில் எடுப்பார், கீழே வைப்பார். நாலாம் நாள் ஸ்மிருதியிடம் போய், "தம்பி சரின்னுட்டான், வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஒரு பொய்ய மறைக்க இன்னொரு பொய்யா? அழிச்சிருன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"முப்பத்தாறு வருசத்துல ஒரு தடவதான் ஏட்டி உண்மையச் சொல்லியிருக்கேன். அதையும் அழிக்கச் சொல்லுதியா? படம் வரதுக்குள்ள சங்கர்கிட்ட நானே பேசிருவேன்."

பேசவில்லை. மாசி போனது, பங்குனி போனது, சித்திரையும் போனது. நானே பேசியிருக்கலாம். அண்ணன் வாயால் கேட்க வேண்டியதை மைனி சொன்னால் நன்றாயிருக்காது என்று சும்மா இருந்தேன். அது என் பக்கத்துக் குற்றம்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை படம் வந்துவிட்டது. பெஞ்சமின் அண்ணாச்சி கடை டிவியில் போட்டுத் தெருவே நின்று பார்த்தது. ஸ்மிருதி அந்தக் காட்சியில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. முடிந்ததும் யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சமின் அண்ணாச்சி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு கைலாசம். நானும் ஒருத்தனை விட்டுட்டு வந்தவன்தான்" என்றார். யாரை, எங்கே என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆனி பிறந்தது, சீசன் தொடங்கியது. துண்டுக்கடையைத் தேடிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "பை அண்ணாச்சி கடை எது?" என்று ஆட்டோ ஸ்டாண்டிலேயே கேட்டுக்கொண்டு வந்தார்கள். பத்துப் பேரை அடித்த ஹீரோ எங்கே நின்று அடித்தார் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்க வேண்டுமே! கிடையாது. வந்தவர்கள் பையைக் கொடுத்துவிட்டு நேரே குளிக்கவும் போகவில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் பயந்து வெளியூர் போய்விட்டதைச் சொல்லி அழுதார். நூர்நிஷா என்று ஒரு நர்ஸ், நெருங்கிய தோழியின் பேரில் வீண்பழி விழுந்தபோது வாயைத் திறக்காமல் நின்றதைச் சொன்னாள். இவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. "ம்" கொட்டிக் கேட்பார். கடைசியில், "போயிக் குளிச்சிட்டு வாங்க, பையை நான் பாத்துக்கிடுதேன்" என்பார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீரனுக்குக் கைதட்டலாம், விசிலடிக்கலாம். ஆனால் நாம் ஓடிப்போன கதையை அவனிடம் போய்ச் சொல்ல முடியுமா? ஓடினவனிடம்தான் சொல்ல முடியும். இது தெரியாமல் வீட்டுக் கண்ணாடியைப் பற்றி நான் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அந்த ஸ்மிருதியை நினைத்துத் தினமும் விளக்கேற்றும்போது ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

ஊர் கொண்டாடியும் இவர் முகம் தெளியவில்லை. சங்கர் பார்த்திருப்பான். அவனிடமிருந்து போன் இல்லை. கடைசியில் இவரே துணிந்து கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. "ஓடுனவனுக்கு ஊரெல்லாம் மாலை போடுது. நான் விட்டுட்டு வந்த தம்பி என்ன நினைக்கானோ" என்றார். சோறு பாதி தட்டிலேயே இருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல சாரல். நானும் கடையில் இருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்து, தோள் பையைப் பலகையில் வைத்தான். வைத்த கை முழங்கைக்குக் கீழே நேராகவில்லை. சங்கர்!

இவர் எழுந்துவிட்டார். சங்கரே பேசினான்.

"அண்ணே, எனக்கு அன்னைக்கே தெரியும். பிடிக்காத கை எப்படி நழுவும்?"

"பெறகு ஏம்லே வீட்டுல சொல்லல?"

"நீ அழுதுக்கிட்டே பொய் சொன்ன. நான் வாயத் திறந்திருந்தா அப்பா உன்ன உரிச்சிருப்பாரு." பலகையில் கிடந்த ஒரு துண்டை மடித்து வைத்தான். "எனக்குக் கோவந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஓடுனதுக்கு இல்ல. சினிமாக்காரங்ககிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லலயேன்னுதான். அதான் போன எடுக்கல. ஆனா அந்தக் காட்சிய நாலு தடவ பாத்துட்டேன். எம்மக கேக்கா, 'கம்பியில தொங்குன பையன் நீதானாப்பா, பெரியப்பா பாவம்லா'ங்கா. தொங்குனவன் நானு, பாவம் நீயாம்."

இவர் அழுதார். சங்கரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீ போயிக் குளி. பையை நான் பாத்துக்கிடுதேன்."

முப்பத்தாறு வருடச் சாக்கு ஒரு நொடியில் போய்விட்டது. இவர் நாலடி நடந்தார், நின்றார். திரும்பி வந்தார்.

"நீயும் வாலே, சங்கரு."

"பையை யாரு பாக்கது?" என்றான் சங்கர். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் முகமும் வெளுத்திருந்தது. அவனும் அன்றைக்குப் பிறகு அருவிக்குள் நின்றதில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். "ரெண்டு பேரும் போங்க. கண்ணாடிய இங்கன குடுங்க கொழுந்தனாரே."

போனார்கள். ஐம்பத்தைந்து வயது அண்ணன், வளைந்த கையோடு தம்பி. ஆண்கள் வரிசையில் நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கடைசி ஓரத்தில், குழந்தைகள் நிற்கிற இடத்தில், தலையைக் கொடுத்தார்கள். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தைத் தாண்டியிருக்காது.

வரிசையை நகர்த்துவதற்காக ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார்.

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். தண்ணீர் கலங்கவில்லை, வெள்ளம் இல்லை, ஒன்றும் இல்லை. ஈர வேட்டி தடுக்க, படிக்கட்டில் மூன்று மூன்று படியாக ஏறி, மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். வரிசையில் நின்ற ஜனங்கள் எல்லாம் சிரித்தார்கள். பெஞ்சமின் அண்ணாச்சிகூடச் சிரித்தார். கடை வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான், ஒருவர் கையை ஒருவர் இன்னும் விடவில்லை என்பதை அவர்களே பார்த்தார்கள்.

அந்த விசிலை ஊதிய போலீஸ்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேருக்கும் வெந்நீர் போட்டேன், ஒரே அண்டாவில்.