ஓடெல் நிரப்பிய ஆக்சிஜன்

வெர்னாவின் வீட்டுக் கார் கொட்டகையில் கார் இல்லை. ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர்கள் மூன்று சங்கிலியில் கட்டப்பட்டு நின்றன. ஃப்ளோரிடாவின் அந்தப் பக்கத்தில் குகை ஊற்றுகளில் முங்குகிறவர்கள் வீடு அப்படித்தான் இருக்கும். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அதற்கு வேண்டிய சின்ன சிலிண்டரைப் பெரியதிலிருந்து குழாய் வைத்துத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

வெர்னா முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். எண்ணெய்ப் பிசுக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நெருப்பு. பிறகு வால்வை மயிரிழை திறந்து, சின்ன சிலிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். சூடேறினால் நிறுத்திவிடுவாள். முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடந்த கிழவர்களைப் பல வருடம் புரட்டிப் படுக்கவைத்த கை, அவசரப்படாது.

"அடைகாத்தது போதும்டி, குஞ்சு பொரிச்சிரப் போகுது," என்பான் அவள் புருஷன் ஓடெல்.

அவன் தூக்கத்திலேயே போய் இரண்டு வருடமாகிறது. சாவதற்கு முந்தின நாள் அவன் நிரப்பிய சின்ன சிலிண்டர் அப்படியே இருந்தது. அளந்தவன் பெயரும் உள்ளே இருக்கும் அளவும் எழுதிய ஒட்டுப்பட்டை, அவன் கையெழுத்தில். அதை அவள் தொடவில்லை. வெளியூர் போனால் விட்டுவிட்டும் போவதில்லை. தனியாக முங்குவது தப்பு என்று நினைப்பவள் அவள். கூட வர ஆளில்லாததால் இரண்டு வருடமாகத் தண்ணீரிலேயே இறங்கவில்லை.

இப்போது முங்குகிற குழு ஒன்றை நடத்தும் ராய்ஸ், தனக்கு ஜோடியாக வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தான். வீட்டிலிருந்து வெகுதூரம், மரியானா என்ற ஊரின் ஊற்றில் முதல் நாள் அருகிலேயே முங்கிப் பழகினார்கள். மறுநாள் தூரக்குகை. சிலிண்டரில் ஆக்சிஜன் பாதிக்கும் குறைவாக இருந்தால் யாரும் இறங்கக்கூடாது என்பது ராய்ஸ் குழுவின் விதி. அந்த ஊர்க் கடையிலோ ஆக்சிஜன் இருப்பு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வெர்னாவின் சிலிண்டரில் கால்வாசிதான் ஏறியது.

ஊற்றங்கரையில் ராய்ஸ் அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஓடெல் அண்ணனோடது ஃபுல்லா கிடக்குதே! எடுத்து மாட்டுங்கக்கா."

"அது அவரு நிரப்புனது."

"அதுக்கு? அண்ணன் கோவிச்சுக்குவாரா?"

"இருந்தப்பவே அந்த மனுசனுக்குக் கோவிச்சுக்கத் தெரியாது."

"அப்ப வர்றீங்களா, இல்ல கரையில உக்காந்து அவிச்ச கடலை திங்கப் போறீங்களா? நீங்க வரலேன்னா நான் வேற ஜோடி பாக்கணும்."

இன்றைக்கு உட்கார்ந்துவிட்டால் மறுபடி யாரும் கூப்பிடப் போவதில்லை. வெர்னாவுக்கு அது தெரியும்.

கையைக் கழுவிவிட்டுக் குழாயை எடுத்தாள்.

"குழாய் எதுக்கு? அப்படியே மாட்டலாமே."

"முழுசா வேணாம். பாதிக்கு மேல வந்தாப் போதும். மிச்சம் அதுல இருக்கட்டும்."

ஒரு முனையை ஓடெலின் சிலிண்டரில் மாட்டினாள், மறுமுனையைத் தன்னுடையதில். மயிரிழை திறந்தாள். உஸ்ஸென்ற சத்தம் மெல்லமெல்லத் தேய்ந்து, இரண்டிலும் அழுத்தம் ஒன்றானதும் நின்றது. அழுத்தமானி முள் பாதியைத் தாண்டியிருந்தது. அவள் உள்ளங்கை இன்னும் சிலிண்டர் மேலேயே இருந்தது.

"எவ்ளோ நேரமாக் கைய வச்சிருக்கீங்க! சூடா இருக்கா?"

"இல்ல," என்று கையை எடுத்தாள்.

தன்னுடையதை அளந்து, பட்டை ஒட்டி, பெயர் எழுதினாள். ஓடெலின் பட்டையில் இருந்த அளவு இப்போது பொய். பொய்யான பட்டையோடு சிலிண்டரை வைத்திருக்கக்கூடாது, அடுத்தவனைக் கொன்றுவிடும். நகத்தால் கிளப்பிக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அதையும் அளந்தாள். அளந்தவர் பெயர் என்ற இடத்தில் மறுபடி தன் பெயரையே எழுத வேண்டியிருந்தது.

குகைக்குள் குமிழிகூடக் கிடையாது. முன்னால் ராய்ஸின் விளக்கு போய்க்கொண்டிருந்தது. மூச்சில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் முதுகுப்பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். சிலிண்டரிலிருந்து கொஞ்சம் உள்ளே வரும். வெர்னா அளவைப் பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் இருந்தது.