நான் வெட்டிய பன்னிரண்டு விநாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு காலர் மைக் கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கிளிப்பில் இஞ்சிப் பச்சடிக் கறை இன்னும் போகவில்லை. நாலு வருடம் என் கூட்டாளியின் சட்டையில் தொங்கிய மைக் அது.

நெல்லைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளைக் காட்டும் யூடியூப் சேனல் எங்களுடையது. அவன் சாப்பிட்டுக்கொண்டே பேசுவான். நான் கேமரா பிடிப்பேன், வீட்டுக்கு வந்து எடிட் செய்வேன். "தின்னதுக்குத் துட்டக் குடுத்துட்டுதாம்லே கேமராவ எடுக்கணும். ஓசில தின்னுட்டு எப்படிலே கொற சொல்லுவ?" என்பது அவன் போட்ட சட்டம். பெட்ரோலுக்கே சிங்கியடித்த அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு பிணக்கும் வந்ததில்லை.

சேனல் வளர்ந்தது. போகிற இடமெல்லாம் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். "அண்ணே, எங்கள ஒரு போட்டோ எடுத்துத் தாங்களேன்" என்று போனை என் கையில் திணிப்பார்கள். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன். வயிறு எரியும். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? வருமானத்தில் பாதி தவறாமல் எனக்கு வந்தது. அந்தப் பாதியைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வந்தது.

அன்று தச்சநல்லூரில் ஒரு கடையில் தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிய சொதிச் சாப்பாடு. எடுத்து முடித்ததும் கை கழுவப் போனவன் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். நானும் ஹெட்போனைக் கழற்றவில்லை. "வச்சுக்கிடுங்க தம்பி, நல்லபடியாச் சொல்லுங்க" என்றது கடைக்கார அண்ணாச்சியின் குரல். சட்டைப்பையில் நோட்டு உரசும் சத்தம். "நம்ம பயலுக்குத் தெரிய வேண்டாம் அண்ணாச்சி, கோவப்படுவான்" என்றான் இவன். பேச்சு அதோடு முடியவில்லை.

வண்டியில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது கேட்டேன். "அண்ணாச்சி ஏதும் குடுத்தாராலே?"

"கை கழுவ சோப்பு குடுத்தாரு" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் அந்த ஒலித்துண்டைச் சேனலில் ஏற்றிவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஊரே அவனைக் காறித் துப்பியது. ஓசிச்சோறு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அவன் என் வீட்டுக்கு வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். மைக்கை எடுத்து மேசைமேல் வைத்தான். "வாங்குனது தப்புதாம்லே. வீட்டு லோன் மூணு தவணை நிக்கி. ஒங்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றான். வாசல் வரை போனவன் திரும்பினான். "பெறவு நான் ஒண்ணு சொன்னேம்லா, அது ஒனக்குக் கேக்கலையா?"

"இல்லலே. மைக் அதோட நின்னுபோச்சு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது வள்ளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறான் என்று கேள்வி. சேனலில் நானே பேசுகிறேன், புது மைக் மாட்டிக்கொண்டு. என்னோடு படம் எடுத்துக்கொள்ள யாரும் வருவதில்லை.

வெட்டிய துண்டை மட்டும் அழிக்கவில்லை. பன்னிரண்டு விநாடி. "கேமரா புடிக்கவரு ஒங்க சம்பள ஆளா?" என்று அண்ணாச்சி கேட்கிறார். "சம்பள ஆளா? அவந்தான் அண்ணாச்சி எல்லாஞ் செய்யுதான். நான் வெறும் வாயி. அவன் இல்லன்னா என்ன ஒரு நாயி சீண்டாது" என்கிறான் அவன். ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்கிறது. அந்த மைக் கடைசி வரை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.