பின்வாசலில் வந்த உறுப்பினர்

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று மைக் செட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்காகப் பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர் அவர். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சங்கம் கட்டிய பள்ளியில் படித்து, இப்போது அங்கேயே டீச்சராக இருக்கிறாள்.

பொதுக்குழு என்றால் மைக் செட் அவருடையது, கூலி கிடையாது. முன்வாசலில் மேஜை போட்டு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். இவர் அதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிடுவார். "நான் இங்கயேதானே கிடக்குறேன், எனக்கெதுக்குக் கையெழுத்து?" என்பார். அட, கூறுகெட்ட மனுஷா!

தொடர்ந்து மூன்று பொதுக்குழுவுக்கு வராதவர் உறுப்பினர் இல்லை என்ற விதியை முன்மொழிந்தவரும் இவர்தான். "சந்தாவைக் கட்டிட்டு மூஞ்சியே காட்டாதவனுக்கெல்லாம் ஓட்டு எதுக்கு?" என்று தன் மைக்கிலேயே கத்தினார். அன்றைக்குக் கைதட்டல் பிரமாதம்.

இந்த வருஷம் பள்ளிக் கட்டிடத்தை விற்கும் தீர்மானம் வந்தது. விற்றால் பள்ளிக்கு மூடுவிழா, மகளுக்கு வேலையும் போச்சு. வேண்டாம் என்றவர்களோடு இவரும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து கை தூக்கினார். எண்ணிக்கொண்டே வந்த செயலாளர் இவரைத் தாண்டிப் போனார்.

"சார், என் கையை விட்டுட்டீங்களே!"

"நீங்க மெம்பரே இல்லண்ணே. மூணு கூட்டமா வரலையே."

"வரலையா? அப்போ இந்த மைக்கைப் பேயா வந்து கட்டுச்சு?"

"கையெழுத்து இல்லையே, என்ன பண்றது? விதி நீங்க கொண்டுவந்ததுதானே?"

சிலர் சிரித்தார்கள், பாவிகள். விற்கலாம் என்ற பக்கம் ஒரே ஒரு கை அதிகம். இவர் கையும் சேர்ந்திருந்தால் சரிசமமாகித் தீர்மானம் விழுந்திருக்கும். அவர் ஆத்திரத்தோடு வயரைப் பிடுங்கி எறியக் குனிந்தார்.

"அண்ணே, மைக்கைக் கழட்டிடாதீங்க. நன்றியுரை பாக்கி இருக்கு" என்றார் செயலாளர்.

ஊழியர்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில் மகள் எழுந்து நின்றாள். அப்பா கை தூக்கியதை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். சைகையில் கேட்டாள்: "உங்க கையையும் எண்ணினாங்கதானேப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு நன்றியுரைக்காகச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.